ஃபெரைட் தூளை ஈஎஸ்ஆருக்கு அனுப்பும் முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்

காந்தப் பொருள்களில் பிஎச்டி செய்யும் ஸ்காலர்களுக்கு ஈஎஸ்ஆர் (எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு: காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே போய், எந்தப் புலத்தில் பொருளின் எலெக்ட்ரான்கள் மைக்ரோவேவை உட்கவர்கின்றன என்று பார்ப்பது) என்பது பெரும்பாலும் கடைசியில் சேர்த்துக்கொள்ளும் அளவீடு. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி முடிந்தது, எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் (எஸ்இஎம்) படம் வந்தது, காந்த வலுவைக் காட்டும் விஎஸ்எம் வளையமும் கையில் இருக்கிறது. ஈஎஸ்ஆரையும் ஒன்று எடுத்துப் போட்டால் பேப்பர் கொஞ்சம் கனமாகத் தெரியும் என்று கைடு சொல்வார். எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. அந்த ஒரே அளவீட்டில் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனது. கட்டணம், ஜிஎஸ்டி, கூரியர், ரயில், லாட்ஜ் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயைத் தாண்டியது. ஃபெலோஷிப் நாலு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும், சில சமயம் அதுவும் வராது என்ற நிலைமையில் அது பெரிய பணம். எங்கள் டிபார்ட்மென்டில் ஈஎஸ்ஆர் எடுத்தவர் யாரும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் நான் பட்ட பாட்டை அடுத்தவர் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் பொருள் நிக்கல் ஃபெரைட், அதாவது நிக்கலும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த காந்தப் பொருள். அதில் நிக்கலுக்குப் பதிலாகக் கோபால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது திட்டம். நைட்ரேட் உப்புகளையும் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து, ஹாட் பிளேட்டில் ஜெல் ஆகும்வரை காய்ச்சி, அது தானே பற்றி எரிந்து பழுப்பாகப் பொங்கியதும் அரைத்து, ஃபர்னஸில் வைத்து எடுப்போம். தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்கள் பாதியில் நடப்பது இதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூள்களைச் சின்ன எப்பென்டார்ஃப் குழாய்களில் போட்டு லேபிள் ஒட்டி வெளியூர் கருவி மையம் ஒன்றுக்கு அனுப்பினேன். அவர்கள் படிவத்தில் திடமா திரவமா, நச்சுத்தன்மை உண்டா, ஈரத்தில் கெடுமா என்றெல்லாம் கேள்வி இருந்தது. ஃபெரோ காந்தமா (தானே வலுவான காந்தமா), பாரா காந்தமா (வெளிப்புலம் இருந்தால் மட்டும் லேசாகக் காந்தமாவதா) என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி இல்லாததில்தான் எல்லாமே தொடங்கியது.

பல வாரம் கழித்து வந்த பிடிஎஃப்பில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு சாய்கோடுதான் இருந்தது. ஒத்ததிர்வு நடந்தால் வர வேண்டிய, ஏறி இறங்கும் அந்த எஸ் வடிவம் எதிலும் இல்லை. ஒன்றில் மட்டும் கோடு மேலே போய்த் தட்டையாக வெட்டப்பட்டிருந்தது. போன் செய்தேன். கருவியை இயக்குபவர் நல்ல மனிதர், ஆனால் அன்று நொந்துபோயிருந்தார். “தம்பி, உங்க சாம்பிளை உள்ள விட்டா கேவிட்டி டியூனே ஆக மாட்டேங்குது. இது என்ன காந்தமா?” என்றார். “ஆமா சார், காந்தம்தான்” என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: “அதை முதல்லயே சொல்ல வேண்டாமா?”

எந்தப் படிவமும் கேட்காத விஷயத்தை எங்கே போய்ச் சொல்வது என்று அப்போது கோபம் வந்தது. இப்போது அவர் பக்கமும் புரிகிறது. அந்தக் கருவிக்கு வரும் சாம்பிள்களில் பெரும்பாலானவை கரிமத் தனியுறுப்புகள், தாமிரம் அல்லது மாங்கனீசு அயனி கொஞ்சமாகக் கலந்த படிகங்கள், கதிர்வீச்சு பட்ட பொருள்கள். அவற்றில் இணைசேராத எலெக்ட்ரான்கள் தூரம் தூரமாக, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருக்கும். வெளியிலிருந்து நாம் கொடுக்கும் காந்தப்புலம் ஒன்றுதான் அவற்றுக்குத் தெரியும். ஃபெரைட்டில் நிலைமை வேறு. தேர் வடத்தைப் பிடித்த கூட்டம் மாதிரி எல்லா ஸ்பின்களும் (எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள்) ஒன்றோடொன்று கட்டுண்டு சேர்ந்தே அசைகின்றன. அதனால் சிக்னல் பல்லாயிரம் மடங்கு பெரிது. கேவிட்டி என்பது சாம்பிளை வைக்கும் உலோகப் பெட்டி; அதற்குள் மைக்ரோவேவ் ஆற்றல் தேங்கி நின்றால்தான் அளவீடு நடக்கும். சாதாரண சாம்பிளுக்குப் போடுவது போல ஐம்பது மில்லிகிராம் ஃபெரைட்டைக் குழாயில் கொட்டினால் அந்த ஆற்றலைச் சாம்பிளே விழுங்கிவிடும். கருவி திணறும். அப்படியும் ஒரு வரைபடம் வந்தால் அதை நம்ப முடியாது: உட்கவர்தலோடு மற்றொரு கூறும் கலந்து, கோடு ஒருபக்கமாக இழுபட்டு வரும்.

எனவே முதல் விஷயம் எடை. ஃபெரைட் என்றால் ஒரு மில்லிகிராம் கூட அதிகம்தான். பாரஃபின் மெழுகிலோ, நன்றாக உலர்த்திய பொட்டாசியம் குளோரைடிலோ நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, அந்தக் கலவையில் கொஞ்சம் எடுத்து அனுப்புங்கள். மெழுகு இன்னும் நல்லது, ஏனென்றால் தூள் தளர்வாக இருந்தால் காந்தப்புலம் ஏறும்போது துகள்கள் திரும்பி, புலத்தின் திசையில் வரிசை கட்டிக்கொள்ளும். பின்னொரு தடவை நேரில் போனபோது பார்த்தேன்: துருவங்களுக்கு நடுவிலிருந்து எடுத்த குழாயில் தூள் குறுக்குவாட்டில் முள்முள்ளாகச் சிலிர்த்து நின்றது. அப்படி வரிசை கட்டிய தூளின் ஸ்பெக்ட்ரம் வேறு, எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும் தூளின் ஸ்பெக்ட்ரம் வேறு. மெழுகை உருக்கிக் கலந்து உறையவிட்டால் துகள்கள் நகராது. நீர்த்த கலவையில் துகளுக்குத் துகள் உள்ள காந்த இழுப்பும் குறைவதால் கோடு அகலமாவதும் கொஞ்சம் மட்டுப்படும்.

மறுபடி பணம் கட்டி, மறுபடி வரிசையில் நின்று, இரண்டாம் சுற்று வந்தது. இம்முறை கேவிட்டி டியூன் ஆனது, ஆனால் காந்தப்புலத்தை ஓட்டிய எல்லை கைகொடுக்கவில்லை. எக்ஸ் பேண்ட் கருவி சுமார் 9.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. சுதந்திர எலெக்ட்ரானுக்கு அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு 3350 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) பக்கம் வரும். அதை நடுவில் வைத்து இந்தப் பக்கம் 500, அந்தப் பக்கம் 500 காஸ் ஓட்டுவது அவர்கள் வழக்கம். தனியுறுப்புக்கு அது தாராளம். என் கோடுகளின் அகலமே 1000 காஸுக்கு மேல். யானையின் வயிறு மட்டும் தெரிகிற ஃபோட்டோவாக எனக்கு வரைபடம் கிடைத்தது. காந்தப் பொருளுக்குப் பூஜ்யத்தின் அருகிலிருந்து 6000, 7000 காஸ் வரை ஓட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பூஜ்யத்தின் அருகில் என்று சொல்லக் காரணம், மின்காந்தத்தில் எஞ்சிய புலம் கொஞ்சம் இருக்கும். சரியாகப் பூஜ்யத்துக்கு அது இறங்காது. முடிந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு ஓட்டம் எடுக்கச் சொல்லுங்கள். குறைந்த புலத்தில் ஃபெரைட் முழுதாகக் காந்தமாகியிருக்காது. அங்கே தெரியும் உட்கவர்தல் ஒத்ததிர்வே அல்லாமல் இருக்கலாம், முன்னால் என்ன புலத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தும் அது மாறும்.

பிடிஎஃப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எண்களாகவே ஃபைல் கேளுங்கள். கூடவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மைக்ரோவேவ் அதிர்வெண், பவர், மாடுலேஷன் அளவு, கெயின், வெப்பநிலை, குழாயில் போட்ட எடை எல்லாம் வேண்டும். இவற்றில் அதிர்வெண்ணைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். தோராயமாக 9.4 என்று எழுதிக்கொடுப்பார்கள். உண்மையில் அது 9.44 ஆக இருந்தால் புலக் கணக்கில் 14 காஸ் போய்விடும், ஜி எண்ணில் (அதிர்வெண்ணுக்கும் ஒத்ததிர்வுப் புலத்துக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் எண்; சுதந்திர எலெக்ட்ரானுக்கு 2 பக்கம்) இரண்டாம் தசமமே ஆடும். குளிர்வித்து அளக்கக் குவார்ட்ஸ் டியூவர் என்ற இரட்டைச் சுவர்க் குழாயை உள்ளே விட்டால் கேவிட்டியின் அதிர்வெண் இன்னும் இறங்கும். 200 மெகாஹெர்ட்ஸ் இறங்கினாலே கோடு 70 காஸ் நகர்ந்துவிடும். அறை வெப்பநிலை ஸ்பெக்ட்ரத்தையும் குளிர்வித்த ஸ்பெக்ட்ரத்தையும் ஒரே அச்சில் போட்டுவிட்டு “பீக் நகர்ந்திருக்கிறது” என்று எழுதினால் அது டியூவரின் நகர்வாகக் கூட இருக்கலாம். டிபிபிஎச் என்ற நிலையான கரிமத் தனியுறுப்பின் ஜி மதிப்பு 2.0036, கோடும் ஒடுக்கம். அதை அளவுகோலாக வைப்பது வழக்கம். ஆனால் ஃபெரைட்டோடு சேர்த்தே போட்டால் பெரிய கோட்டில் அது மூழ்கிவிடும். உங்கள் சாம்பிளுக்கு முன்னும் பின்னும் தனியாக ஓட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் சுற்றுக்கு நேரிலேயே போய் உட்கார்ந்தேன். முழுக் கோடுகளும் கிடைத்தன. கோபால்ட் இல்லாத சாம்பிளின் கோடு 3050 காஸ் பக்கம், கோபால்ட் கூடக் கூட அது அகன்றுகொண்டே 2300 வரை இறங்கியது. மென்பொருள் தானாக ஜி எண்ணைக் கணக்கிட்டு எழுதிக்கொடுத்தது: 2.20 தொடங்கி 2.92 வரை. ரயிலில் திரும்பும்போது எனக்குத் தரை தெரியவில்லை. எங்கள் துறையின் பல பேப்பர்களில் இருப்பதைப் போலவே ஓர் அட்டவணை போட்டேன்: ஜி மதிப்பு, கோட்டின் அகலம், அந்த அகலத்திலிருந்து தளர்வு நேரம் (கிளறப்பட்ட ஸ்பின்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்), ஸ்பின்களின் எண்ணிக்கை. ஜி கூடுவதால் சூப்பர் எக்ஸ்சேஞ்ச் (ஆக்சிஜன் வழியாக அயனிகளின் ஸ்பின்கள் பிணைவது) வலுக்கிறது என்றும் ஒரு பத்தி. கைடும் மகிழ்ந்தார்.

பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பினோம். பல மாதம் கழித்து ரிவ்யூவர் கருத்து வந்தது. அந்த அட்டவணை முழுவதையும் நீக்கச் சொல்லியிருந்தார். அந்த எண் பொருளின் ஜி காரணியே அல்ல, ஒத்ததிர்வுப் புலத்தை வேறு வேஷத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வீட்டில் அம்மா “எப்பப்பா முடியும்?” என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அச்சில் வந்த எத்தனையோ பேப்பர்களில் இதே அட்டவணை இருக்க, எனக்கு மட்டும் ஏன் என்ற ஆத்திரம் வேறு.

பிறகு நிதானமாகப் படித்தபோது தெரிந்தது, இது என்னோடு பிறந்த குழப்பம் இல்லை. 1944-ல் கசான் நகரில் சவோய்ஸ்கி ஈஎஸ்ஆரைக் கண்டறிந்தார். 1946-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கிரிஃபித்ஸ் ஃபெரோ காந்த உலோகங்களில் மைக்ரோவேவ் ஒத்ததிர்வைப் பார்த்தார். அவருக்கும் ஒத்ததிர்வு எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. கணக்கிட்டால் எலெக்ட்ரானுக்குப் பொருந்தாத பெரிய ஜி கிடைத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கிட்டல் விளக்கம் கொடுத்தார். காந்தப் பொருளுக்குள் இருக்கும் ஸ்பின்னுக்கு நாம் கொடுக்கும் புலம் மட்டும் தெரிவதில்லை. பொருளின் சொந்தக் காந்தமாக்கம் உண்டாக்கும் புலமும், அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதும், படிகத்தின் அனிசோட்ரோபியும் (காந்தமாக்கம் சில திசைகளையே விரும்பும் குணம்) சேர்ந்து தெரியும். மெல்லிய இரும்புப் படலத்தின் தளத்திலேயே புலம் வைத்து 9.4 கிகாஹெர்ட்ஸில் அளந்தால் கிட்டல் சமன்பாட்டின்படி 500 காஸ் பக்கமே ஒத்ததிர்வு வந்துவிடும். அதைச் சாதாரண ஈஎஸ்ஆர் சூத்திரத்தில் போட்டால் ஜி 13 என்று வரும். இரும்பின் உண்மையான ஜி 2.1 பக்கம். இதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆக, கருவி அச்சடித்துக் கொடுக்கும் எண்ணை ஃபெரைட்டின் ஜி என்று எழுதாதீர்கள். ஒத்ததிர்வுப் புலத்தை அப்படியே காஸில் எழுதுங்கள், அதிர்வெண்ணைப் பக்கத்தில் போடுங்கள். உண்மையான ஜி வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு அதிர்வெண்ணில் அளக்க வேண்டும். அதிர்வெண்ணோடு கூடும் பகுதி ஜி, கூடாமல் நிற்கும் பகுதி உள்புலம். தளர்வு நேரமும் அப்படியே. தூளில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையில் கிடப்பதால் ஒவ்வொன்றும் வெவ்வேறு புலத்தில் ஒத்ததிர்கிறது. எல்லாம் சேர்ந்துதான் அந்த அகலம். அதைத் தலைகீழாக்கித் தளர்வு நேரம் என்று எழுதினால் அர்த்தம் இல்லை. ஸ்பின் எண்ணிக்கைக்கும் ஒன்று: வரைபடம் வகைக்கெழுவாக வருவதால் இரண்டு முறை தொகையீடு செய்தே பரப்பு காண்கிறோம். கோட்டின் இடப்பக்க வால் பூஜ்யப் புலத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பரப்பும் பொய்தான். கோடு இவ்வளவு அகலமாக இருக்கும்போது எதிர்த் திசைப் புலத்தில் வரும் ஒத்ததிர்வின் வாலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும், பொருத்தும்போது அதையும் சேர்க்க வேண்டும்.

கோபால்ட் அதிகமான கடைசிச் சாம்பிள்கள்தான் என்னை அதிகம் வதைத்தன. கோடு கரைந்துகொண்டே போய், சுத்தக் கோபால்ட் ஃபெரைட்டில் கிட்டத்தட்ட காணாமலே போனது. “இதுல காந்தத்தன்மை குறைஞ்சுபோச்சு போல” என்று ஒரு சீனியர் சொன்னார். விஎஸ்எம்மில் அதுவே நல்ல வலுவான காந்தம். காரணம் அனிசோட்ரோபி. கோபால்ட் ஃபெரைட்டில் அது கன சென்டிமீட்டருக்கு 20 லட்சம் எர்க் அளவில் இருக்கிறது. அதிலிருந்து வரும் அனிசோட்ரோபிப் புலம் 10,000 காஸ் அளவு. அந்த ஒரு புலமே ஸ்பின்களை 28 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஆட்டிக்கொண்டிருக்கும். 9.4 கிகாஹெர்ட்ஸோடு போய் நின்றால் எலெக்ட்ரான் ஏன் திரும்பிப் பார்க்கும்? 34 கிகாஹெர்ட்ஸ் கியூ பேண்டில் பார்க்கலாம், ஆனால் அந்தக் கருவி எல்லா இடத்திலும் கிடையாது. கடின காந்தம் எதுவாக இருந்தாலும் முதலில் விஎஸ்எம் எடுத்து, அனிசோட்ரோபிப் புலத்தைத் தோராயமாகவாவது கணக்குப் போட்டுப் பாருங்கள். அது 3000 காஸைத் தாண்டினால் எக்ஸ் பேண்டுக்குப் பணம் கட்டாதீர்கள். பேரியம் ஹெக்ஸாஃபெரைட் செய்பவர்களுக்கும் இது பொருந்தும், அங்கே அந்தப் புலம் இன்னும் பெரிது.

இன்னொரு சின்னக் கதை. ஒரு சாம்பிளில் 1560 காஸ் பக்கம் கூராகச் சின்னப் பீக் ஒன்று தெரிந்தது. படிகத்தில் அயனிக்குப் புதிய இடம், புதிய கண்டுபிடிப்பு என்று லேபே பரபரத்தது. 9.4 கிகாஹெர்ட்ஸில் அது ஜி 4.3. சாதாரணக் கண்ணாடியில் அசுத்தமாக இருக்கும் இரும்பு அயனி கொடுக்கிற, உலகமே அறிந்த கோடு அது. குவார்ட்ஸ் குழாய் போதாமல் அன்று சாம்பிளைக் கண்ணாடிக் குழாயில் போட்டிருந்தார்கள். வெறும் குழாயை ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள்; சில நூறு ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை. தூளை எடுக்க ஸ்டீல் ஸ்பாட்டுலா வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

நீர்ம நைட்ரஜன் வெப்பநிலை அளவீட்டுக்குக் கட்டணம் அதிகம், நேரக் கணக்கில் போகும். துகள்கள் பத்து நானோமீட்டர் அளவில் இருந்து சூப்பர் பாரா காந்தமாக (வெப்பத்தால் துகளின் காந்தத் திசை நிற்காமல் புரண்டுகொண்டே) நடந்தால்தான் அது பயன் தரும்: அறை வெப்பநிலையில் ஒடுக்கமாக இருக்கும் கோடு குளிரக் குளிர அகன்று குறைந்த புலத்துக்கு நகர்வதைப் பார்க்கலாம். என் துகள்கள் பெரியவை. அந்தச் செலவில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் தீசிஸில் நின்றது கோபால்ட் மிகக் குறைவாகச் சேர்த்த சாம்பிள்கள்தான். நிக்கல் ஃபெரைட்டின் அனிசோட்ரோபி எதிர்க்குறி, கோபால்ட் கொண்டுவருவது நேர்க்குறி, அதுவும் பல மடங்கு வலுவானது. அதனால் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் சேர்த்தாலே ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஃபெரைட் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. நிக்கலில் 0.2 பங்கு, 0.4 பங்கு கோபால்ட் என்று நாங்கள் வைத்த படிகள் அந்த இடத்தை ஒரேயடியாகத் தாண்டிவிட்டிருந்தன. 0.01, 0.02, 0.03 என்று புதிதாகச் செய்து, மெழுகில் கலந்து, அதிர்வெண் குறித்து வாங்கி ஓட்டியபோது கோடு முதலில் கொஞ்சம் ஒடுங்கிப் பிறகு அகன்றது. அட்டவணையில் ஜி என்ற நெடுவரிசையே இல்லை. அதே ரிவ்யூவர்தானா என்று தெரியவில்லை, இம்முறை ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: மெழுகில் எத்தனை சதவீதம் கலந்தீர்கள் என்று.